காணும் பொங்கலுக்கு ஒரு பானை

2025 ஜனவரி 2, வியாழன்

தையல் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்த நாங்கள் காணும் பொங்கலன்று சேர்ந்து சாப்பிடுவோம், ஆண்டுக்கு ஒருத்தி சமைப்பாள். இந்த ஆண்டு என் முறை. ஏழு பேர், பிள்ளைகளைச் சேர்த்தால் பதின்மூன்று. கையில் 700 ரூபாய் இருக்கிறது. இவருக்குச் சம்பளம் வந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம்.

போன ஆண்டு செக்கிங் வீட்டில் பிரியாணி. செக்கிங், காஜா, பாக்கெட், காலர் எல்லாம் கம்பெனியில் அவரவர் பார்த்த வேலை, அதுவே எங்களுக்குள் கூப்பிடும் பெயர். என்னால் அது முடியாது. புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று மூன்று தூக்கு கட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போய்விடலாம். காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோனால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். ஊரே அன்று கட்டுச்சோறு தான் சாப்பிடுகிறது.

ஜனவரி 3, வெள்ளி

சட்டைக்குப் பொத்தான் துளை தைத்த காஜா அக்கா பேசினாள். புற்றுநோய்க்குப் போடுகிற ஊசியில் மூன்றாவது முடிந்துவிட்டதாம். வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தால்கூட எரிகிறதாம். பேச்சை மாற்றுவதற்காகப் பொங்கலுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "நீ டப்பாவில் கொண்டு வருவாயே, உங்கள் ஊர்க் கூட்டாஞ்சோறு, அதில் ஒரு வாய் சாப்பிட்டால் தேவலை போலிருக்கிறது" என்றாள்.

தர்மபுரிக்காரிக்குக் கூட்டாஞ்சோறு என்றால் என்னவென்றே தெரியாது. என் டப்பாவில்தான் முதன்முதலாகச் சாப்பிட்டாள். நாற்பது நிமிடச் சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை அவளும் அவள் களியை நானும் சாப்பிடுவோம்.

கட்டுச்சோறு இல்லை. கூட்டாஞ்சோறு.

ஜனவரி 4, சனி

பின் வீட்டு முருங்கையில் ஓர் இலைகூட இல்லை. மழைக்குப் பிறகு வந்த கம்பளிப்பூச்சி எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

ஜனவரி 5, ஞாயிறு

காலையிலிருந்து இதே நினைப்பு. கூட்டாஞ்சோற்றுக்கு என்னென்ன வேண்டும்? அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய், கொஞ்சம் சேனை. தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். புளி. கடைசியில் முருங்கைக் கீரை. தேங்காய் எண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்ட வேண்டும். முருங்கைக் கீரை இல்லாத கூட்டாஞ்சோறு எங்கள் அம்பாசமுத்திரத்தில் கூட்டாஞ்சோறே இல்லை. அம்மா இருந்தால் பேசாமல் சாம்பார் சாதம் என்று சொல்லிவிடு என்பாள்.

முருங்கைக்காய் இந்தக் குளிரில் விலை இறங்கவில்லை. ஒன்று 20 ரூபாய் சொல்கிறார்கள். நான்கு போதும். ஒவ்வொருவர் தட்டிலும் இரண்டு துண்டு விழ வேண்டும், விழாத தட்டு இருக்கக் கூடாது.

இன்னொன்றும் யோசித்தேன். அக்காவுக்கு ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருக்கின்றன. சமைத்த உடனே சூடாகத்தான் சாப்பிட வேண்டும், வெட்டி வைத்தது, ஆறியது எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விடியற்காலை கிளறி மதியம் பிரிக்கிற கட்டுச்சோறு எப்படியும் அவளுக்கு ஆகியிருக்காது. மெரினாக் கூட்டமும் ஆகாது. மொட்டை மாடியில் அடுப்பு வைத்து அங்கேயே சமைத்து அங்கேயே பரிமாறிவிட வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. வாய்ப்புண்ணுக்குப் புளி ஆகாது, மிளகாய் ஆகாது. அந்த இரண்டும் இல்லாமல் கூட்டாஞ்சோறு எப்படி?

அவளுக்கு மட்டும் ஒரு சின்னக் குக்கரில் தனியாக வைத்துவிடலாம் என்றார் இவர். எளிதான வழிதான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான்கு மாதமாக அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிக் கஞ்சி. மருமகள் நல்லவள், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாள், குறை சொல்லவில்லை. ஆனாலும் பன்னிரண்டு பேர் ஒரு பானையிலிருந்து வாங்கும்போது அவளுக்கு மட்டும் வேறு பாத்திரத்திலிருந்து வைத்தால் அவள் கை தட்டிலேயே நின்றுவிடும். எனக்குத் தெரியும்.

ஆகவே பானை ஒன்றுதான். மிளகாய்க்குப் பதில் சீரகமும் தேங்காயும் கூட வைத்து அரைப்பது. புளி சேர்ப்பதில்லை, தக்காளியும் கிடையாது. எல்லாருக்கும் அதே சோறு. உறைப்பும் புளிப்பும் வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம், மோர் மிளகாய் வறுத்தது ஒரு தட்டு, புளி இஞ்சி ஒரு கிண்ணம். மோர் மிளகாய் வீட்டிலேயே கிடக்கிறது, செலவில்லை. புளி இல்லாவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. புளி விழுந்தால் பருப்பும் காயும் விறைத்துக்கொண்டு நிற்கும். இப்போது எல்லாம் குழைந்து வெந்துவிடும், அவளுக்கு அதுதான் வேண்டும்.

இரவு இரண்டு மணி. இப்போது தூங்கலாம்.

ஜனவரி 8, புதன்

முருங்கைக் கிளை நுனியில் கடுகளவு துளிர் வந்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். துளிர்தான்.

ஜனவரி 9, வியாழன்

டோக்கன் நேரத்துக்கே போய் ரேஷனில் பொங்கல் பரிசு வாங்கிவிட்டேன். ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. இந்த முறை பணம் இல்லை. போன ஆண்டு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். வரிசையில் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அந்த ஆயிரம் மனத்தில் ஓடாமல் இல்லை.

மாத ரேஷனில் வாங்கிய துவரம்பருப்பு அப்படியே இருக்கிறது, கிலோ 30 ரூபாய். புழுங்கலரிசி விலையில்லாதது. அரிசி ஒன்றரைக் கிலோ, பருப்பு அரைக் கிலோ. பரிசுச் சர்க்கரையில் பால் பாயசம். பச்சரிசியில் இரண்டு கைப்பிடி எடுத்து நொய்யாக உடைத்து, நீலப் பாக்கெட் பால் மூன்று வாங்கினால் 60 ரூபாயோடு முடிந்தது. பாயசம் அக்காவுக்கு இறங்கும், சூடு கொஞ்சம் தணிந்ததும் கொடுத்தால் எரியாது.

கரும்பு பிள்ளைகளுக்கு.

ஜனவரி 10, வெள்ளி

பல்லாவரம் சந்தைக்குப் போனேன். சேனை, வாழைக்காய், சின்ன வெங்காயம் கால் கிலோ, தேங்காய் இரண்டு, பனங்கிழங்கு ஒரு கட்டு. எல்லாம் சேர்த்து 240. தேங்காய்தான் கையைக் கடித்தது. சின்ன வெங்காயத்தை ஒரு கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தேன், கடைக்காரப் பாட்டி என் கையைப் பார்த்துவிட்டு, "தையல்காரியா" என்று கேட்டாள். விரல் நுனியில் ஊசி ஏறிய தழும்பைப் பார்த்திருக்கிறாள். ஆமாம் என்றேன். இருந்தேன் என்று சொல்ல வரவில்லை.

பாத்திர வாடகைக் கடையில் குண்டான் ஒரு நாளைக்கு 80 ரூபாய். தட்டினால் தகரம் போலச் சத்தம் வருகிறது. மெல்லிய அடி. பருப்பும் அரிசியும் சேர்ந்து வேகும்போது நிச்சயம் அடிப்பிடிக்கும். எடுக்கவில்லை.

ஜனவரி 11, சனி

வீட்டுக்கார அம்மாவுக்குச் சம்மதம். மாடி கொடுத்ததோடு, பரணில் இருந்த தன் மாமியாரின் பித்தளைப் பானையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கனமான அடி. உள்ளே ஈயம் தேய்ந்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. புளி போடாத சமையல்தான் என்றாலும் பார்க்க வேண்டுமல்லவா.

அரை மணி நேரம் தேய்த்தேன். என் முகம் தெரிகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

சம்பளம் வரவில்லை. இவர் யாரோடும் பேசவில்லை.

ஜனவரி 13, போகி

பாக்கெட் எனக்குப் போன் செய்து, ஆளுக்கு 100 ரூபாய் போடுகிறோம் என்றாள். வேண்டாம் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. உடனே அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "கூட்டாஞ்சோறு என்கிறாய், எல்லா வீட்டு அரிசியும் விழாமல் அது என்ன கூட்டாஞ்சோறு?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. சின்ன வயதில் சிறுவீட்டுப் பொங்கலுக்கு நாங்களும் வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி வாங்கி வந்துதானே பொங்கினோம்.

ஆனால் அரிசி வேண்டாம். ஒருத்தி பொன்னி கொண்டுவருவாள், ஒருத்தி ரேஷன் புழுங்கல், ஒருத்தி பச்சரிசி. ஒன்று குழையும்போது இன்னொன்று விதையாக நிற்கும், அந்த விதை அக்காவின் வாய்ப்புண்ணில் படும். திரும்பக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு காய் கொண்டுவாருங்கள் என்றேன். காயை வேகிற வரிசைப்படி போட்டுக்கொள்ளலாம். வரும்போது தட்டையும் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். பொங்கல் நேரத்தில் வாழையிலை வாங்க என்னிடம் வசதியில்லை என்று சொல்லியே சொன்னேன். அவள் சரி என்றாள். குரலில் கோபம் இல்லை.

ஜனவரி 14, பொங்கல்

பால் பொங்கியது. அக்கா நாளை மறுநாள் கட்டாயம் வருவாளாம்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

நேற்றுக் குழம்பும் பொரியலும் சேர்த்துச் சுண்டக்கறி வைத்தேன். இவர் இரண்டு முறை போட்டுக்கொண்டார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்.

மதியம் பின் வீட்டில் கேட்டுக் கீரை ஒடித்தேன். எட்டு இணுக்குதான் கிடைத்தது. எல்லாம் இளந்துளிர், விரலால் நசுக்கினால் பச்சை வாசம் வீசுகிறது. ஒரு பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றி வைத்திருக்கிறேன். விடிவதற்குள் இலையெல்லாம் தானே காம்பிலிருந்து உதிர்ந்துவிடும். இரண்டு கைப்பிடி வரும். போதும், வாசத்துக்குப் போதும்.

ஜனவரி 16, காணும் பொங்கல், காலை

துணியைப் பிரித்தேன். எல்லா இலையும் உதிர்ந்திருக்கிறது.

பத்து மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். முதலில் பருப்பு. அது முக்கால் வேக்காடு ஆனதும் அரிசியும் சேனையும். பிறகு வாழைக்காய், முருங்கைக்காய், கடைசியாகக் கத்தரியும் அவரையும். அரைத்தது. கீரை. யாரையும் கரண்டியைத் தொட விடக் கூடாது, ஆளாளுக்குக் கிண்டினால் காய் உடைந்துவிடும்.

ஜனவரி 17, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை, அவ்வளவு அசதி. மொத்தச் செலவு 535 ரூபாய்.

செக்கிங் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தாள், வாங்கும்போதே ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்திருப்பாள், ஒரு சொத்தை இல்லை. பாக்கெட் கொண்டுவந்தது இரண்டு முருங்கைக்காய். சட்டைக் கை மடிக்கிறவள் பூசணிக் கீற்று, அது கணக்கிலேயே இல்லை, ஆனாலும் போட்டேன். தீபாவளிக்குப் பிறகு எல்லாரும் இப்போதுதான் ஓரிடத்தில் உட்கார்ந்தோம்.

அக்கா ஆட்டோவில் மகனோடு வந்தாள். மாடிப்படி பதினெட்டும் நின்று நின்று ஏறினாள். தலையில் கட்டியிருந்த துணி எங்கள் கம்பெனி வெட்டுத்துணி, நீலக் கட்டம். நான் பார்த்ததும் அவள் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் கரண்டி அவளுக்குத்தான் வைத்தேன். ஆவி அடங்கட்டும் என்று தட்டின் ஓரத்தில் பரப்பிக்கொண்டாள். கீரை எங்கே இருக்கிறது என்று விரலால் தேடி ஓர் இலையை எடுத்து முதலில் அதை வாயில் வைத்தாள். எரிகிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. மூன்று கரண்டி சாப்பிட்டாள். மோர் மிளகாய்த் தட்டு ஒரு முறை அவள் பக்கம் வந்தது. எடுத்து அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அவளுக்காகத்தான் உறைப்பில்லாமல் செய்திருக்கிறேன் என்று யாருக்கும் தோன்றவில்லை, காலர்கூட இந்த முறை நல்ல வாசமாக இருக்கிறதே என்றுதான் கேட்டாள்.

பானையில் அடிப்பிடித்த காந்தலை நான் சுரண்டிச் சாப்பிட்டேன். சின்ன வயதில் அதற்குத்தான் சண்டை போடுவோம்.

ஜனவரி 19, ஞாயிறு

பானையைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு அடுத்த ஊசி 23ஆம் தேதி. அதற்குள் சீரகமும் தேங்காயும் வறுத்து, மிளகாய் சேர்க்காமல் ஒரு பொடி திரித்துக் கொடுத்தனுப்ப வேண்டும். தேங்காய் இன்னும் அரை மூடி மிச்சம் இருக்கிறது.