தூயமல்லியின் புள்ளி: வேர்டில் ஓர் அட்டவணையைச் சீர்செய்த அனுபவம்

எங்கள் ஊர் உழவர் குழு, விதைப் பரிமாற்றத்தின்போது கொடுப்பதற்காக மரபு நெல் வகைகளின் கையேடு ஒன்றை அச்சிட முடிவெடுத்தபோது, பட்டியலைக் கணினியில் ஒழுங்குபடுத்தும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். எண், பெயர், வயது (எத்தனை நாளில் விளையும் என்பது), பட்டம் (பயிரிடும் பருவம்), நிலம், குறிப்பு என ஆறு பத்திகளும் நூற்றைம்பதுக்குச் சற்றுக் குறைவான வரிசைகளும் கொண்ட ஒரே அட்டவணை அது. மூன்று பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்த பகுதிகளை ஒருவர் ஒன்றாக ஒட்டி எனக்கு அனுப்பியிருந்தார். தாள் ஏ5 அளவு. தரவுகள் எல்லாம் இருந்ததால் இரண்டு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது ஒரு வாரம் எடுத்துக்கொண்டது.

கோப்பைத் திறந்ததும் கண்ட குறைகள் இவை. குறிப்புப் பத்தியின் வலப்பகுதி தாளுக்கு வெளியே போயிருந்தது. தலைப்பு வரிசை முதல் பக்கத்தில் மட்டுமே இருந்தது. நூலின் உட்தலைப்புக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடக்க, அட்டவணை அடுத்த பக்கத்தில்தான் தொடங்கியது. கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம். இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது, சில வரிசைகளில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போயிருந்ததுதான். ‘தூயமல்லி’ என்பது ‘தூயமலலி’ என்று நின்றது. ‘பூங்கார்’ என்பது ‘பூஙகார’ ஆகியிருந்தது. விதையைப் பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறோம். அந்தப் பெயரே சிதைந்திருக்கும் கையேட்டை ஓர் உழவரிடம் எப்படிக் கொடுப்பது?

முதல் இரண்டு மாலைகளும் கோடுகளைச் சுட்டியால் பிடித்து இழுப்பதிலேயே கழிந்தன. ஒரு பத்தியைக் குறுக்கினால் பக்கத்துப் பத்தி விரிந்தது; நான்காம் பக்கத்தைச் சரிசெய்தால் ஆறாம் பக்கம் குலைந்தது. மூன்றாம் நாள் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், 8 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி மறைகுறிகளைத் திரையில் வரவழைத்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பெயரை அறையின் நடுவில் நிறுத்துவதற்காக இடைவெளிப் பட்டையை ஏழெட்டு முறை தட்டியிருந்தார்கள். வரிசையைக் கீழே தள்ளுவதற்காக என்டரை நாலைந்து முறை அழுத்தியிருந்தார்கள். இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிய பகுதியில் ஓர் அறைக்குள்ளேயே இன்னொரு சிறிய அட்டவணை ஒளிந்திருந்தது. நான் இரண்டு நாளாகச் சண்டை போட்டது அட்டவணையோடு அல்ல, அதற்குள் யார் யாரோ விட்டுச்சென்ற வெற்றிடங்களோடு என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே அளவுகளைத் தொடாமல் துப்புரவிலிருந்து தொடங்கினேன். உள்ளே ஒளிந்திருந்த அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து, லேஅவுட் தாவலில் உள்ள ‘கன்வர்ட் டு டெக்ஸ்ட்’ மூலம் வெறும் எழுத்தாக மாற்றினேன். அறைகளுக்குள் தேவையின்றி இருந்த என்டர் குறிகளையும் இரட்டை இடைவெளிகளையும் தேடி மாற்றும் வசதியால் நீக்கினேன். ஒரு பகுதி பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் இருந்தது. அதை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிய பிறகு சொற்களின் அகலமே வேறாகிவிட்டது. எழுத்துரு மாற்றத்தை அளவுகளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் செய்தால் எல்லா அகலங்களையும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

ஒரே பட்டத்துக்குரிய நெல்களின் பக்கத்தில் ‘சம்பா’ என்று ஒரு முறை மட்டும் எழுதி, அந்தப் பத்தியின் பத்துப் பன்னிரண்டு அறைகளைச் செங்குத்தாக இணைத்திருந்தார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இணைப்பு இரண்டு பக்கங்களில் பரவும்போது எழுத்து முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அடுத்த பக்கத்தில் அறை காலியாகக் கிடக்கிறது. எனவே எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் பட்டத்தின் பெயரை எழுதினேன். ஒரு வரிசையை மட்டும் விரல் வைத்து வாசிப்பவருக்கும் இதுவே உதவும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அகலம். டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தில் ஆப்ஷன்ஸ் என்ற பொத்தானுக்குள் ‘உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாறுக’ என்ற பொருள்படும் ஒரு கட்டம் உண்டு. அது தெரிவாகியிருக்கும் வரை, நீண்ட சொல் ஒன்று வந்த உடனே பத்தி தானாக விரியும். தமிழில் சொற்கள் புணர்ந்து நீள்வதால் இந்த விரிவு நமக்குக் கூடுதலாகவே நேர்கிறது. அதை நீக்கிவிட்டுத் தாளில் கணக்குப் போட்டேன். ஏ5 தாளின் அகலம் 14.8 செ.மீ.; இருபுறமும் 1.5 செ.மீ. ஓரம் விட்டால் எஞ்சுவது 11.8 செ.மீ. எண்ணுக்கு 0.9, பெயருக்கு 2.8, வயதுக்கு 1.3, பட்டத்துக்கு 1.7, நிலத்துக்கு 1.9, குறிப்புக்கு 3.2 என்று பிரித்தேன். கூட்டினால் சரியாக 11.8 வருகிறது. இப்போது எந்தக் கோடும் நகரவில்லை; ஆனால் ‘கிச்சிலிச்சம்பா’ என்ற பெயர் ‘கிச்சிலிச்சம்’ என்று ஒரு வரியிலும் ‘பா’ என்று அடுத்த வரியிலுமாக உடைந்தது. பெயர்ப் பத்தியை மேலும் அகலமாக்க இடமில்லை. அறையின் உள்ளோரத்தைப் பார்த்தேன். வேர்டு இயல்பாகவே இடத்திலும் வலத்திலும் 0.19 செ.மீ. விடுகிறது; அதை 0.1 ஆகக் குறைத்தவுடன் பெயர் ஒரே வரியில் அமர்ந்தது.

தலைப்பு வரிசைக்கு வருகிறேன். ‘ரிபீட் ஹெடர் ரோஸ்’ என்ற கட்டளையை நான் பல முறை அழுத்தியும் பயனில்லாமல் இருந்தது. காரணம் அதே ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது: அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடும் ‘அரவுண்ட்’ நிலையில் வைத்திருந்தார்கள். அந்த நிலையில் அட்டவணை பக்கத்தின் மேல் மிதக்கும் பொருளாகிவிடுவதால் தலைப்பு திரும்ப வராது. ‘நன்’ (None), அதாவது சுற்றி எழுத்து ஓடாத நிலைக்கு மாற்றினேன். அப்போதும் ஐந்தாம் பக்கத்தில் மட்டும் தலைப்பு வரவில்லை. அங்கே யாரோ கையால் ஒரு பக்க முறிவைப் போட்டிருந்தார்கள். தானாக நேரும் பக்க முறிவுக்குத்தான் தலைப்பு திரும்பும், கையால் போட்டதற்குத் திரும்பாது. அந்த முறிவை நீக்கியதும் எல்லாப் பக்கத்திலும் தலைப்பு வந்தது.

உட்தலைப்புக்குக் கீழே இருந்த அரைப் பக்க வெறுமைதான் என்னை நீண்ட நேரம் அலைக்கழித்தது. ஒரு வரிசை இரண்டு பக்கங்களில் உடைவதை அனுமதிக்கும் கட்டத்தைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. தற்செயலாகப் பொருளடக்கத்தைப் புதுப்பித்தபோது, அத்தனை நெல் பெயர்களும் வரிசையாக அங்கே போய் நின்றன. பெயர்களைத் தடித்த எழுத்தில் காட்டுவதற்காக, அவற்றுக்கு ‘ஹெடிங் 3’ என்ற தலைப்புப் பாணியைக் கொடுத்திருந்தார்கள். தலைப்புப் பாணிகளில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’, அதாவது அடுத்த பாராவோடு பிரியாமல் இரு என்ற ஆணை இயல்பாகவே உண்டு. ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசையை விடமாட்டேன் என்று பற்றிக்கொண்டதால், மொத்த அட்டவணையும் ஒன்றாக அடுத்த பக்கத்துக்குத் தாவியிருக்கிறது. ‘நெல் பெயர்’ என்று புதிதாக ஒரு பாணியை உருவாக்கி, தடித்த எழுத்தை மட்டும் அதற்குக் கொடுத்து எல்லாப் பெயர்களுக்கும் இட்டேன். அட்டவணை உட்தலைப்பின் அடியிலேயே வந்து உட்கார்ந்தது, பொருளடக்கமும் தெளிந்தது.

இனிப் புள்ளி. இதில் இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. வேர்டு 2013இல் புதிய கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு பாராவுக்கும் பின்னால் 8 பாயின்ட் இடைவெளி இயல்பாக வருகிறது. அந்த இடைவெளி அறைகளுக்குள்ளும் வந்து வரிசைகள் உயர்ந்துவிட்டதால், அதை அடக்க விரும்பியவர் வரிசை உயரத்தையும் வரி இடைவெளியையும் ‘எக்ஸாக்ட்லி’ என்று இறுக்கியிருக்கிறார். வரிசை உயரத்தை இறுக்கினால் இரண்டு வரிக் குறிப்பின் கீழ்வரி மறைந்துபோகும். வரி இடைவெளியை இறுக்கினால் எழுத்தின் தலை வெட்டுப்படும். ஆங்கில எழுத்துக்குப் போதுமான அதே இடைவெளி தமிழுக்குப் போதாது. நம் எழுத்தில் மேலே புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும், கீழே உகர, ஊகாரச் சுழிகளும் இருக்கின்றன. திரையை 200 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தபோது, ‘ல்’ என்ற எழுத்தின் தலைக்கு மேல் கத்தியால் சீவியதுபோல் வெட்டு நேர்கோடாகத் தெரிந்தது. புள்ளி அழிந்திருக்கவில்லை, மறைக்கப்பட்டிருந்தது. பாராவுக்குப் பின் இடைவெளியைச் சுழியமாக்கி, வரி இடைவெளியை ‘மல்டிபிள்’ 1.1 என்றும், வரிசை உயரத்தை ‘அட் லீஸ்ட்’ 0.6 செ.மீ. என்றும் மாற்றினேன். எல்லாப் புள்ளிகளும் ஒரே நொடியில் திரும்பி வந்தன. அந்த நொடியில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

எண்கள் மட்டும் எழுத்தைவிடப் பெரியவையாகத் தெரிந்தன. எழுத்துருச் சாளரத்தில் லத்தீன் எழுத்துக்கு ஓர் அளவும், தமிழ் போன்ற சிக்கலான எழுத்துகளுக்கு வேறோர் அளவும் தனித்தனியாக இருக்கின்றன. இலக்கங்கள் லத்தீன் அளவைப் பின்பற்றியிருந்தன. இரண்டையும் 10 பாயின்ட் ஆக்கினேன். வயதுப் பத்தியை வலப்பக்கம் சேர்த்து அமைத்ததால் காட்டுயானத்தின் 180, மாப்பிள்ளைச் சம்பாவின் 160 முதலியவை ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

கடைசி வெற்றுப் பக்கத்துக்குக் காரணம், அட்டவணைக்குப் பின்னால் வேர்டு கட்டாயமாக வைத்திருக்கும் ஒரு வெற்றுப் பாரா. அதை நீக்க முடியாது. அதன் எழுத்து அளவையும் வரி இடைவெளியையும் 1 பாயின்ட் ஆக்கினால் முந்தைய பக்கத்திலேயே அடங்கிவிடுகிறது. இறுக்கமான இடைவெளி பயன்பட்ட ஒரே இடம் இதுதான்.

அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, “அண்ணே, வேர்டு ஃபைலா குடுக்காதீங்க, எங்க சிஸ்டத்துல ஃபான்ட் மாறிடும்; பிடிஎஃப்பா குடுத்துடுங்க” என்றார் அங்கிருந்த தம்பி. எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகச் சேமித்து அதை ஒரு முறை அச்சிட்டு, குழுவில் மூத்தவரான ஐயாவிடம் கொண்டுபோனேன். ஏ5 எழுத்து அவருக்குச் சிறியதாக இருந்தது. திரும்பி வந்து தாளை ஏ4 ஆக மாற்றி, எழுத்தை 15 பாயின்ட் ஆக்கி, ‘ஆட்டோஃபிட் விண்டோ’ கட்டளையைக் கொடுத்தேன். ஆறு பத்திகளும் அதே விகிதத்தில் விரிந்தன. தலைப்பு எல்லாப் பக்கத்திலும் இருந்தது. ஒரு பெயரும் உடையவில்லை.

ஐயா அந்தப் பெரிய படியை மடியில் வைத்து, ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை ஓட்டி வாய்விட்டு வாசித்தார். காட்டுயானத்தில் நிறுத்தி, “யானை உள்ள புகுந்தா தெரியாத உசரத்துக்கு வளரும்னு ஒரு வரி போடுங்க தம்பி, அதனாலதானே அந்தப் பேரே” என்றார். வீட்டுக்கு வந்து குறிப்பு அறையில் அந்த வரியைச் சேர்த்தேன். அறை தேவையான அளவு உயர்ந்தது; பக்கத்தின் கடைசி வரிசை தானாக அடுத்த பக்கத்துக்கு இறங்கித் தலைப்பின் கீழ் நின்றது. நான் வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.