தேதி வாங்காமல் கிளம்பாதீர்கள்

மனநல வார்டிலிருந்து தம்பி வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இப்போதுதான் கோபமே வருகிறது.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். தம்பிக்குச் சாப்பாடு தூக்கம் எல்லாம் போய், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். சேரமாட்டேன் என்றான். அப்படியானால் 2002-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி வீட்டார் எழுதிக் கொடுக்க வேண்டும், எம்.எச்.சி.ஏ. 04 என்ற விண்ணப்பப் படிவம். கடைசி ஏழு நாளுக்குள் அவனைப் பார்த்தவராக இருக்க வேண்டும். நான் கூடவே இருப்பவள், சரி. எழுதி நீட்டினால், கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சத்தியப் பிரமாண முத்திரை எங்கே?"

எழுதியது உண்மை என்று சத்தியம் செய்து முத்திரை வாங்க, இரவு பதினொன்றரைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, என் அடையாள அட்டை கவுண்டரிலேயே கிடக்கிறது. திரும்ப ஓட்டம். (அட்டையைக் கையைவிட்டு விடாதீர்கள்.)

மருத்துவமனையில் இரண்டு பேர் தம்பியைப் பரிசோதித்தார்கள், 72 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் அவனே தங்கச் சம்மதித்தான். அதில் குறையில்லை.

குறை டிஸ்சார்ஜில். "கிளினிக்கில் காட்டுங்கள்" என்று ஒரு மாத மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். கிளினிக்கில், மருத்துவமனை கொடுத்த கடிதம் எங்கே என்றார்கள். வீட்டுக்கு வந்த முதல் சில வாரம்தான் ரொம்ப ஆபத்தான காலம். அந்த நேரத்தில் அவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள்!

மறுநாள் வார்டுக்கே போய் நின்றேன். அங்கிருந்த சிஸ்டர் கிளினிக்குக்குப் போன் போட்டு, கடிதம் எழுதி, அந்த வாரத்துக்கே தேதி வாங்கித் தந்தார். பிறகு தம்பியிடம் நேராகவே கேட்டார்: "செத்துப் போகணும் என்று இப்போதும் தோன்றுகிறதா?" எனக்கு வயிறு கலங்கியது. அவனோ முதல்முறையாக அழுதான். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று எனக்குப் பிறகு சொன்னார்.

ஒரு தாளில் அவனையே எழுத வைத்தார்: மனசு இறங்கும்போது முதலில் என்ன தெரியும், என்ன செய்தால் தணியும், யாரைக் கூப்பிடுவது. ஆங்கிலத்தில்தான் எழுதினான், "அக்கா" மட்டும் அப்படியே. அடியில் சாடாக் (மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் தென்னாப்பிரிக்க அமைப்பு) தரும் இலவச உதவி எண், 0800 567 567. மாத்திரை இப்போது அம்மாவின் பீரோவில், சாவி அம்மாவின் இடுப்பில்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கிளினிக். ஆறு மணிக்கே வரிசை. ரொட்டி கட்டிக்கொண்டு போகிறோம்.