பிஎஸ்சி பிசிக்ஸ் படிச்சு அஸ்ட்ரானமி பக்கம் வந்த கதை

அஸ்ட்ரானமி படிக்கணும்னு ஆசைப்படுற பசங்க முதல்ல கேக்குறது, அதுக்குன்னு தனி டிகிரி எங்க இருக்குன்னுதான். நான் படிச்சது ஒரு சாதாரண ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி பிசிக்ஸ், வானியல்னு பேருக்கு கடைசி வருஷம் ஒரே ஒரு எலெக்டிவ் பேப்பர். ஆனா மத்த பேப்பர் எல்லாமே அதுக்கும் சேத்துதான்னு லேப்ல புரிஞ்சுது.

ஒளிய நிறம் நிறமா பிரிச்சுப் பாக்குற ஸ்பெக்ட்ரோமீட்டர்ல கிரேட்டிங் வச்சு சோடியம் லேம்ப் பாப்போம்ல, 589.0, 589.6 நானோமீட்டர்னு ரெண்டு மஞ்சள் கோடு, ரீடிங் எடுத்து ரெக்கார்டு நோட்டுல ஏத்திட்டு எல்லாரும் கிளம்பிடுவாங்க. அதே ரெண்டு கோடு சூரிய ஒளியில கறுப்பா இருக்கும், ஏன்னா அங்க இருக்குற சோடியம் அந்த ஒளிய உறிஞ்சிடுது. எங்க மேடம் இத சொன்ன அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

ப்ராஜெக்ட்டுக்கு டெலஸ்கோப் இல்ல. காவலூர் வானாய்வகத்துல 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986லேர்ந்து இருக்கு, ஆனா அதுல நேரம் வேணும்னா ஆராய்ச்சி பண்றவங்க முறையா ப்ரபோசல் எழுதி வாங்கணும். அதனால நட்சத்திரங்களோட வெளிச்சத்த விடாம அளக்குற நாசாவோட டெஸ் (TESS) சாட்டிலைட் டேட்டாவ எடுத்தேன், யாரு வேணாலும் இலவசமா டவுன்லோட் பண்ணலாம். வாஸ்ப்-18னு ஒரு நட்சத்திரம், அத ஒரு பெரிய கிரகம் 0.94 நாளுக்கு ஒரு தடவ சுத்துது, அதாவது இருபத்தி மூணு மணி நேரம் கூட ஆகல அதுக்குள்ள ஒரு வருஷம் முடிஞ்சிடுது! பைத்தான்ல லைட்கர்வ் பேக்கேஜ் போட்டு பிளாட் பண்ணா, கிரகம் நட்சத்திரத்துக்கு குறுக்க வர்றப்பல்லாம், சீரான இடைவெளில வெளிச்சம் சுமார் 1 சதவீதம் குறையுறது கண்ணுக்கே தெரியும், எல்லா சுத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா மடிச்சு வச்சா நாய்ஸ் அடங்கி கிராஃப்ல அந்தப் பள்ளம் தெளிவா வந்து நிக்கும். அந்த 1 சதவீதம் கிரகம் மறைக்குற பரப்பளவு, அதுக்கு வர்க்கமூலம் எடுத்தா 0.1, அப்போ கிரகத்தோட ஆரம் நட்சத்திரத்துல பத்துல ஒரு பங்கு. ஹாஸ்டல் ரூம்ல பழைய லேப்டாப்ல வந்த ரிசல்ட் இது.

வைவால எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி ரொம்ப நல்ல கேள்வி: பள்ளத்தோட அடி ஏன் தட்டையா இல்லாம வளைஞ்சிருக்கு? நட்சத்திரத்தோட ஓரம் நடுப்பகுதிய விட மங்கலா தெரியும், கிரகம் நடுவுல வரும்போது அதிக வெளிச்சத்த மறைக்குது, அதான்.

எம்எஸ்சில சேர ஐஐடி ஜாம்னு ஒரு நுழைவுத் தேர்வு எழுதினேன், அதுல பெரும்பாலும் கேக்குறது மெக்கானிக்ஸ், எலக்ட்ரோமேக்னடிசம், தெர்மோ, குவாண்டம், மேத்ஸ்தான். செகண்ட் இயர்ல இருக்கீங்கன்னா பைத்தானும் அலைட் மேத்ஸும் இப்பவே சேத்து பிடிச்சுக்கோங்க, ஃபைனல் இயர்ல ப்ராஜெக்ட், ஜாம், செமஸ்டர் எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்கும்.