ஹோம் தியேட்டர் கட்டுறீங்களா, மொதல்ல ரேக்குக்கு இடம் பாருங்க

தம்பி முறையில ஒருத்தர் மேடவாக்கத்துல வீடு கட்டிட்டிருக்கார். மாடில ஒரு ரூம ஹோம் தியேட்டருக்குன்னே ஒதுக்கி, ஸ்கிரீன் எத்தன இன்ச், ப்ரொஜெக்டர் எங்க தொங்கும், தலைக்கு மேல இருந்து சவுண்டு குடுக்குற அட்மாஸ் ஸ்பீக்கர் சீலிங்ல எங்கெங்க வரும்னு பேப்பர்ல வரைஞ்சு போன மாசம் வாட்சப்புல அனுப்பியிருந்தார். நல்லா யோசிச்சு போட்ட பிளான்தான், ஆனா எல்லா ஸ்பீக்கருக்கும் சவுண்ட பிரிச்சுக் குடுக்குற ரிசீவர் பெட்டி எங்க உக்காரப் போகுதுன்னு அதுல ஒரு கோடு கூட இல்ல. கேட்டா "அது ஸ்கிரீனுக்குக் கீழ ஒரு யூனிட் அடிச்சுக்கலாம்ணே"ங்கறார். ஏழு வருசத்துக்கு முன்னாடி எங்க ஆசாரிகிட்ட நானும் இதத்தான் சொன்னேன். அதனாலதான் இத எழுத உக்காந்தேன்.

எங்க ரூம் 17க்கு 12 அடி, மேல நேரா மொட்டமாடி. ஆசாரி ரொம்ப அழகா பண்ணிக் குடுத்தார், 19 எம்எம் ப்ளைவுட், கருப்பு மைக்கா, முன்னாடி கண்ணாடிக் கதவு, பின்பக்கம் மெல்லிசு ப்ளை அடிச்சு ஒயர் போக மட்டும் ஒரு ஓட்டை. ரிசீவர் கிட்டத்தட்ட ஆறே முக்கால் இன்ச் உயரம், ஷெல்ஃப் எட்டு இன்ச், கரெக்டா ஃபிட் ஆயிடுச்சுன்னு சந்தோசமா இருந்தேன். டிசம்பர்ல ஒண்ணும் தெரியல. கத்திரி வெயில் வந்துச்சு, ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் குடும்பத்தோட படம் ஓடிட்டிருக்கு, சவுண்டு டக்குனு கட் ஆகி ரிசீவர் செவப்பு லைட்ட மினுக்க ஆரம்பிச்சுது. ஏசி ஓடுது, ரூம்ல குளிர் நல்லாவே இருக்கு, ஆனா கதவத் தொறந்தா உள்ள இருந்து அடுப்பத் தொறந்த மாதிரி அனல். ஒரு தெர்மாமீட்டர உள்ள வெச்சுப் பாத்தப்ப 54 டிகிரி காட்டுச்சு.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லனு கணக்குப் போட்டப்பதான் புரிஞ்சுது. ஏவி ரிசீவர் சவுண்டே இல்லாம சும்மா ஆன்ல இருந்தாலே அம்பது அறுபது வாட்டுக்கு மேல கரண்ட் இழுக்கும், அத்தனையும் சூடாத்தான் வெளிய வரும். அதோட செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல், யூபிஎஸ் எல்லாம் சேத்தா 200 வாட்ட சாதாரணமா தொட்டுடும், அதாவது பழைய 100 வாட் குண்டு பல்பு ரெண்ட ஒரு மூடுன பீரோக்குள்ள ஏத்தி வெச்சு மூணு மணி நேரம் விட்ட மாதிரி. ரிசீவர் உள்ள இருக்குற, கரண்ட சேத்து வெச்சுக் குடுக்குற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு, 10 டிகிரி சூடு ஏறுனா ஆயுசு சுமாரா பாதியா கொறையும்னு. அன்னிக்கு ரிசீவர் தானா ஆஃப் ஆனது அது தன்னக் காப்பாத்திக்கிட்டது, ஆஃப் ஆகாம 50 டிகிரில ஓடிட்டிருந்த நாளெல்லாம் சத்தமில்லாம அதோட ஆயுச தின்னுட்டிருந்திருக்கு.

சூடு மட்டும் இல்ல. ஸ்கிரீனுக்குக் கீழ பெட்டிங்கள வெச்சா இருட்டுல படம் பாக்கும்போது ஒவ்வொண்ணுலயும் நீலமும் பச்சையுமா சின்னச் சின்ன லைட்டு, கண்ணு அங்கயே போகும். ஃபேன் போடலாம்னா அந்த சத்தம் சென்டர் ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே கேக்கும். இதவிடப் பெரிய தலவலி பின்பக்கம். ஒரு கேபிள் மாத்தணும்னா பதினாலு கிலோ ரிசீவர வெளிய இழுக்கணும், ஒயர் நீளம் பத்தாது, டார்ச்ச வாயில கவ்விட்டு ஓட்டைக்குள்ள கையவிட்டு தடவித் தடவி மாட்டணும். ஒரு தடவ அப்படி மாட்டுறப்ப ஸ்பீக்கர் ஒயரோட ஒரே ஒரு செம்பு நூலு பக்கத்து டெர்மினல்ல தொட்டு, ரிசீவர் தன்னக் காப்பாத்திக்க திரும்பவும் தானா ஆஃப். ரேக்கோட, அதாவது இந்தப் பெட்டிங்கள அடுக்கி வெக்கிற ஸ்டாண்டோட, முகம் முன்பக்கம் இல்ல, பின்பக்கம்தான்னு அன்னிக்கு முடிவு பண்ணேன். எந்த இடத்தப் பாத்தாலும் பின்னாடி ஒரு ஆள் நின்னு வேல பாக்க முடியுமா, காத்து கீழ வந்து மேல போகுமா, இந்த ரெண்டக் கேட்டுட்டுதான் மத்ததெல்லாம்.

அப்படிக் கேட்டுப் பாத்ததுல நெறைய இடம் அடிபட்டுப் போச்சு. லாஃப்ட்ல வைங்கன்னு சிலர் சொன்னாங்க, மொட்டமாடிக்குக் கீழ இருக்குற லாஃப்ட் மே மாசம் எப்படி இருக்கும்னு ஒரு தடவ கைய வெச்சுப் பாத்தாலே போதும். மாடிப்படிக்கு அடில காலியா இருக்கேன்னு பாத்தேன், நல்ல இடம்தான், ஆனா அங்க இன்வெர்ட்டர் பேட்டரி இருந்துச்சு. தண்ணி ஊத்துற லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், கூடவே லேசா ஆசிட் ஆவியும் வரும், அதப் பக்கத்துல வெச்சுக்கிட்டா போர்டும் கனெக்டரும் பச்ச பூத்துரும். பேட்டரி வேற எடத்துல இருக்குற வீட்ல படிக்கட்டுக்கு அடி தாராளமா யோசிக்கலாம், காத்து போக சாய்வா பட்டை வெச்ச ஒரு லூவர் கதவும் மேல ஒரு எக்சாஸ்ட்டும் இருந்தாப் போதும்.

எங்களுக்குக் கடைசியா கெடச்சது தியேட்டருக்கும் பக்கத்து ஸ்டோர் ரூமுக்கும் நடுவுல இருக்குற செவுரு. சோஃபாவுக்குக் கொஞ்சம் பின்னாடி, வலது பக்கம். அந்தச் செவுத்துல ஆள் உயரத்துக்கு ஒரு தொறப்பு எடுத்து, ரேக்கோட முன்பக்கம் தியேட்டர்ல தெரியுற மாதிரி, பின்பக்கம் ஸ்டோர் ரூமுக்குள்ள நீட்டிட்டு நிக்கிற மாதிரி வெச்சோம். இப்ப ஒயர் மாத்தணும்னா ஸ்டோர் ரூம் லைட்டப் போட்டு, ஸ்டூல் போட்டு நிம்மதியா உக்காந்து மாத்துறேன். சூடும் அந்தப் பக்கமே போயிடுது. (செவுத்த வெட்டுறதுக்கு முன்னாடி இன்ஜினியரக் கூப்பிட்டுக் காட்டிருங்க, தயவுசெஞ்சு. எங்களது பில்லர் பீம் போட்ட வீடு, நடுவுல இருந்தது வெறும் நாலரை இன்ச் செங்கல் தடுப்பு, அதுக்கே மேல லின்டல் போட்டுட்டுதான் வெட்டுனாங்க. பழைய வீடுன்னா செவுரே பாரம் தாங்கிட்டு நிக்கும்.) தொறப்பு வழியா சவுண்டு கசியும்ங்கறது உண்மைதான், அதுக்காக முன்னாடி கனமான கண்ணாடிக் கதவு போட்டு ஓரத்துல ரப்பர் பீடிங் ஒட்டிருக்கோம். ஸ்டோர் ரூம்ல யாரும் தூங்கப் போறதில்லங்கறதால அது போதுமானதா இருக்கு.

ரேக்க ஆசாரிகிட்ட அடிக்காம இரும்புல ரெடிமேடா வாங்குனேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சிசிடிவி, நெட்வொர்க்குக்குனு விக்கிற அதே 19 இன்ச் ரேக்குதான். உயரத்த யூ கணக்குல சொல்லுவாங்க, ஒரு யூன்னா ஒண்ணே முக்கால் இன்ச், அதாவது 44.45 எம்எம். ரிசீவர் சுமாரா நாலு யூ எடுக்கும், அகலம் 17 இன்ச் கிட்ட இருக்கும், ரேக்குக்குள்ள ஷெல்ஃப் போட்டு உக்கார வெச்சுரலாம். எல்லாரும் ஏமாறுறது ஆழத்துல. செவுத்துல மாட்டுற சின்ன ரேக்கு நெறைய 400, 450 எம்எம் ஆழத்துல வரும், ரிசீவரே 380, 400 எம்எம் இருக்கும், பின்னாடி எச்டிஎம்ஐ ஒயரு மடங்காம திரும்ப இன்னொரு நாலு இன்ச் வேணும். 600 எம்எம் ஆழம் உள்ளத, தரையில நிக்கிறத வாங்குங்க. பின்கதவையும் சைடு தகட்டையும் நான் கழட்டி வெச்சுட்டேன். அடுக்குறப்ப யூபிஎஸ், பவர் ஆம்ப் மாதிரி கனமானது அடில, ரிசீவர் மேல, அதோட தலைக்கு மேல ரெண்டு மூணு யூ காலி. மத்ததுக்கு நடுவுல ஒரு யூ இடைவெளி. உச்சியில பின்பக்கம் 120 எம்எம் கம்ப்யூட்டர் ஃபேன் ரெண்டு, 12 வோல்ட் ஃபேன கொறஞ்ச வோல்டேஜ்ல மெதுவா ஓட விட்டா சத்தமே தெரியாது, காத்து கீழ இருந்து வந்து மேல வெளியேறுது. கீழ காத்து வர்ற எடத்துல கம்பி வலை அடிச்சிருக்கேன். நம்ம ஊர்ல பல்லியும் கரப்பானும் சூடான எடத்தத் தேடி உள்ள போகும், ஒரு பல்லி பவர் சப்ளை போர்டு மேல விழுந்தா அவ்ளோதான்.

போன மே மாசம் அதே தெர்மாமீட்டர அதே ரிசீவர் மேல வெச்சுப் பாத்தேன், படம் முடியுறப்ப 38.

ஒயர் விசயத்துல ரேக்க பின்னாடி தள்ளுனதால ப்ரொஜெக்டர் பக்கத்துல வந்துடுச்சு, எச்டிஎம்ஐ தூரம் கொறஞ்சுது, இருந்தாலும் செவுரு, சீலிங்னு சுத்திப் போனதுல 9 மீட்டர் ஆச்சு. 4கே சிக்னலுக்கு அவ்ளோ தூரம் சாதா செம்புக் கேபிள நம்ப முடியாது, ஃபைபர் எச்டிஎம்ஐ போட்டோம். அதுக்கு ஒரு முனை சோர்ஸுக்கு, இன்னொரு முனை டிஸ்ப்ளேக்குன்னு எழுதியே இருக்கும், மாத்தி மாட்டுனா படம் வராது. எலக்ட்ரீசியன் அண்ணன் திருப்பி இழுத்துட்டார், நானும் பக்கத்துல இருந்தும் கவனிக்கல. நல்லவேளையா பைப் ரெண்டு இன்ச், உள்ள ஒரு நைலான் கயிறயும் விட்டு வெச்சிருந்தோம், பத்து நிமிசத்துல மாத்தி இழுத்துட்டோம். சாதாரணமா லைட்டுக்குப் போடுற முக்கா இன்ச் பைப்பா இருந்தா எச்டிஎம்ஐ தலையே சரியா நுழைஞ்சிருக்காது. எல்போ வேண்டாம், நீளமா வளையுற பெண்டு போடச் சொல்லுங்க, அந்தக் கயித்த எப்பவும் உள்ளயே விட்டுருங்க.

முன் ஸ்பீக்கருக்கு ஒயர் நீளமாகுதே, சவுண்டு போயிடாதான்னு நெறைய பேர் பயப்படுறாங்க. எங்களுது 11 மீட்டர், 14 கேஜ் செம்பு ஒயர், போக வர கணக்குப் போட்டா ரெசிஸ்டன்ஸ் 0.18 ஓம். ஸ்பீக்கர் ஓம்ல 5 சதவீதத்துக்குள்ள இருந்தாப் போதும்னு சொல்லுவாங்க, 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.3. அதனால அந்தக் கவலைய விட்ருங்க, முழுச் செம்பானு மட்டும் பாத்து வாங்குங்க, செம்பு முலாம் பூசுன அலுமினியத்தயும் அதே கலர்ல விக்கிறாங்க.

கரண்டுக்கு ரேக்குக்குன்னு தனி எம்சிபி, தனியா 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், 16 ஆம்ப் பாயிண்ட். சப்வூஃபர மட்டும் ஸ்கிரீன் பக்கம் இருந்த பழைய பிளக்குல மாட்டுனேன், ம்ம்ம்னு ஒரு ஹம்மிங் விடாம வந்துச்சு. எர்த் ரெண்டு வழியா சுத்துறதுனால வர்றது அது. ரேக்கோட லைன்ல இருந்தே ஒரு பாயிண்ட் இழுத்துக் குடுத்ததும் நின்னுடுச்சு. எர்த் பின்ன கழட்டி விட்டா ஹம்மிங் போயிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது உயிரோட வெளையாடுற வேல. கரண்ட் ஒயரும் சிக்னல் ஒயரும் ஒரே பைப்புல போகவே கூடாது.

ரிமோட்டுக்கு ஒவ்வொரு தடவையும் பின்னாடி திரும்பணுமேன்னு வீட்ல கேட்டாங்க, நியாயமான கேள்வி. ரிமோட் சிக்னல வாங்கி ஒயர் வழியா கடத்துற ஐஆர் ரிப்பீட்டரோட சின்னக் கண்ண ஸ்கிரீனுக்குக் கீழ ஒட்டி, அதுல இருந்து ஒரு மெல்லிசு ஒயர ரேக்குக்கு இழுத்து, அந்த சிக்னல திரும்ப விடுற சின்னப் பொட்ட ஒவ்வொரு பெட்டி முகத்துலயும் ஒட்டிட்டோம். ரூமுக்கு ஏத்த மாதிரி ரிசீவர் சவுண்ட சரி பண்ணிக்கறதுக்கான கேலிப்ரேசன் மைக் ஒயரு சோஃபா வரைக்கும் எட்டும்படியா ரேக்க வெச்சதும் நல்லதாப் போச்சு, வேற ரூம்ல முழுசா ஒளிச்சு வெச்சவங்க அதுக்கு எக்ஸ்டென்ஷன் தேடிட்டிருப்பாங்க.

வாடக வீடு, ஃப்ளாட்டுன்னா செவுரெல்லாம் வெட்ட முடியாது. அங்க வீல் வெச்ச தெறந்த ரேக்கு ஒண்ண பக்கச் செவுத்தோரமா நிறுத்துங்க, ஒயரெல்லாம் ஒரு மீட்டர் உபரியா விட்டு கட்டி வைங்க, வேலனா முன்னாடி இழுத்துத் திருப்பிக்கலாம். தூசி படியும், மாசம் ஒருக்கா பிரஷ்ஷால தட்டணும், இருந்தாலும் கண்ணாடிக் கதவு போட்ட யூனிட்ட விட ஆயிரம் மடங்கு மேல்.

மேடவாக்கம் தம்பிக்கு இதெல்லாம் போன்ல சொன்னேன். அவர் வீட்ல தியேட்டர் ரூமுக்குப் பின்னாடி ஒரு டிரெஸ்ஸிங் ரூம் வருதாம், நடுச்செவுரு இன்னும் பூசல. இந்த ஞாயித்துக்கெழம டேப்பும் சாக்பீசும் எடுத்துட்டுப் போறேன், பூச்சுக்காரங்க திங்கக்கெழம வர்றாங்களாம்.