பெயர் தெரிந்த லினக்ஸும் பெயர் தெரியாத லினக்ஸும்

கோவையிலிருந்து திருப்பூர், பெருந்துறை, கரூர் என்று சுற்றி, ஆலைகளுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் கணினிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்தான் லினக்ஸ்; டெபியன், உபுண்டு என்று பல பெயர்களில் பல வகைகளாகக் கிடைக்கிறது. லினக்ஸ் என்று பேச்செடுத்தாலே வாடிக்கையாளர் முதலில் எடைபோடுவது அந்த வகையின் பெயரைத்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம், பேக்கிங் பிரிவின் பழைய கணினிகளுக்கு டெபியன் போடலாம் என்று சொன்னபோது, "ஏனுங் தம்பி, உபுண்டுன்னா நம்ம பையன் சொல்லிக் கேட்டிருக்கறன். இதென்னுங்க, புதுசா இருக்குதே?" என்றார். 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் அவருக்குப் புதிது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் வந்த உபுண்டு பழகியது. ஒரே துணியில் ஒரே தையலில் உருவான சட்டைக்குக் கழுத்தில் வைக்கும் லேபிள் மாறினால் விலையே மாறிவிடும் என்பதை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் உபுண்டுவின் பெயர் வெறும் விளம்பரத்தால் வந்ததன்று. இணைய வேகம் மிகக் குறைவாக இருந்த காலத்தில், கேட்டவர் வீட்டுக்கே குறுந்தகடுகளைக் கட்டணமின்றி அனுப்பி வைத்தது, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம். 2011 வரை அது நடந்தது. எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் லினக்ஸை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர்களில் பலர் அந்தத் தகடுகளின் வழியாகப் பார்த்தவர்களே. அந்தப் பெயருக்கு இன்றும் நடைமுறைப் பயன் உண்டு. நான் ஊரில் இல்லாத நாளில் கணினி மக்கர் செய்தால், பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைப் பையனுக்கு உபுண்டு கைப்பழக்கமாக இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே பல இடங்களில் மனமார உபுண்டுவையே பரிந்துரைத்திருக்கிறேன்.

என்னால் ஏற்க முடியாதது தரவரிசையை வைத்துப் பேசுவது. லினக்ஸ் வகைகளைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோவாட்ச் என்ற இணையதளத்தின் பட்டியலைக் காட்டி, முதலிடத்தில் இருப்பதைப் போடுங்கள் என்று கேட்கும் இளம் மேலாளர்கள் இருக்கிறார்கள். அந்தத் தளத்தில் ஒவ்வொரு லினக்ஸுக்குமான பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதைத்தான் அந்தப் பட்டியல் எண்ணுகிறது. எத்தனை கணினிகளில் அது ஓடுகிறது, எத்தனை ஆண்டு தாங்குகிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதே மயக்கத்தைப் பார்க்கிறேன். தன்விவரத்தில் காலி லினக்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பாதுகாப்புச் சோதனைக்கென்று உருவான அதை அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அதைத் தயாரிப்பவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வரில் வட்டு நிறைந்துவிட்டது, பெரிய பதிவுக் கோப்பை அழித்தும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை, ஏன் என்று நேர்காணலில் கேட்பது என் வழக்கம். அழித்த கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கும், அதை மறுபடி தொடக்கினால் இடம் விடுபடும் என்று தயங்காமல் சொன்னவர், கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். அரசு கொடுத்த மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸில் கற்றுக்கொண்டவர் அவர். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய அந்த லினக்ஸின் பெயரைச் சொன்னால் மதிப்பிருக்காது என்று எண்ணியோ என்னவோ, தன்விவரத்தில் அதை அவர் குறிப்பிடவே இல்லை. எனக்கு அது மிகுந்த வருத்தமாக இருந்தது.

பெயர் அப்படியே நிற்க உள்ளே இருப்பது மாறிவிடும் என்பதைச் செண்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் விஷயத்தில் எல்லோரும் பார்த்தோம். ரெட் ஹேட் நிறுவனத்தின் வணிக லினக்ஸை அதன் மூலநிரலிலிருந்து முத்திரை நீக்கிக் கட்டி, கட்டணமின்றிக் கொடுத்தார்கள் என்பதால், நாங்கள் கவனித்த ஆலைகளின் சர்வர்களில் அதுவே பெரும்பாலும் இருந்தது. 2029 வரை புதுப்பிப்புகள் வரும் என்று நம்பியிருந்த செண்ட்ஓஎஸ் 8, 2021 முடிவோடு நின்றுவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். செண்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்று பெயர் தொடர்ந்தது. ஆனால் முன்பு ரெட் ஹேட் வெளியீட்டைப் பின்தொடர்ந்து வந்தது, இப்போது அதற்கு முன்னோட்டமாக ஓடுவதாயிற்று. "பேரு அதேதானுங்களே, அப்படியே அப்டேட் போட்டுரலாமுங்களா?" என்று கேட்டார், பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலையின் மேலாளர். ஷிப்டு வாரியாக உற்பத்திக் கணக்கு வைத்திருக்கும் சர்வரை அந்தப் பெயரை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாற்றாக ராக்கி லினக்ஸ், ஆல்மாலினக்ஸ் என்று இரண்டு வந்தன. செண்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் முன்னின்றதால், ராக்கி லினக்ஸ் வெளிவரும் முன்பே பெரும் புகழ் பெற்றுவிட்டது. ஆல்மாலினக்ஸ் 2021 மார்ச்சிலும் ராக்கி அதே ஆண்டு ஜூனிலும் நிலையான வெளியீட்டுக்கு வந்தன. முந்தி வந்ததை எடுத்து, சர்வரின் நகலை வேறொரு கணினியில் ஏற்றி மாற்றிப் பார்த்தோம். தரவுத்தளம் எழுந்தது, ஷிப்டு அறிக்கை சரியாக வந்தது, காப்புநகலிலிருந்து மீட்கவும் முடிந்தது. அதன் பிறகே ஆலை விடுமுறையில் உண்மையான சர்வரைத் தொட்டோம். ராக்கியை எடுத்திருந்தாலும் வேலை இப்படியே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எது பெரியது என்ற விவாதம்தான் அந்த மாதங்களில் எங்கள் அலுவலக நேரத்தை அதிகம் தின்றது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, விண்டோஸ் 11 ஏறாத கணினிகளோடு பலர் வருகிறார்கள். எந்த லினக்ஸ் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பெயரைச் சொல்லாமல், ஒரு பென் டிரைவிலிருந்து அவர்கள் கணினியை இயக்கி, பார்கோடு பிரிண்டரையும் ஸ்கேனரையும் மாட்டி, தமிழ்த் தட்டச்சையும் போட்டுக் காட்டுகிறேன். ஒரு வாரம் அவர்கள் ஆட்களே ஓட்டிப் பார்த்த பிறகு நிறுவிக் கொடுக்கிறேன். விண்டோஸுக்கென உருவான கணக்கு மென்பொருளான டேலி ஓடும் கணினியை மட்டும் அதில் சேர்ப்பதில்லை. அதற்கு விண்டோஸ் 11 ஏறும் கணினி ஒன்றை வாங்கிவிடச் சொல்கிறேன்.