லோவல்: 293 விளக்குகள் எரிந்த ஆலை

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள பழைய ஆலை ஊர் லோவல். அதன் ரயில் நிலையத்திலிருந்து பூட் பருத்தி ஆலை அருங்காட்சியகம் சுமார் ஒரு மைல் தூரம். அதற்கு டாக்சிக்காரர் என்னிடம் வாங்கியது 25 டாலர். மீட்டர் போடச் சொன்னால், “ஊருக்குள்ளே எங்கே போனாலும் இதுதான் ரேட்” என்கிறார். வெளியே மழை, தோளில் கனமான பை. கொடுத்துத் தொலைத்தேன். பாஸ்டனிலிருந்து 40 கிலோமீட்டர் வர நான் எடுத்த வார இறுதி ரயில் சீட்டே 10 டாலர்தான்! ரூபாயில் பெருக்கிப் பார்த்து வயிறு எரிந்தபடியேதான் உள்ளே நுழைந்தேன்.

தறிக்கூடத்தின் வாசலிலேயே காதடைப்பான் தருகிறார்கள். நான் குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள், இது எனக்கெதற்கு என்று பையில் போட்டுக்கொண்டேன். இரண்டே நிமிஷத்தில் எடுத்து மாட்டிக்கொண்டேன். எண்பதுக்கும் மேற்பட்ட தறிகள் வரிசையாக நிற்கின்றன. ஓடியது அதில் சிலதான். அதற்கே மரத்தரை அதிர்ந்து, அந்த அதிர்வு உள்ளங்கால் வழியாக முழங்கால் வரை ஏறியது. இவை இருபதாம் நூற்றாண்டுத் தறிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1830-களின் தறிகள் வேறு. ஆனால் அந்த இரைச்சலில் தினமும் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று புரிய இதுவே போதும்.

நின்றவர்கள் யார்? பெரும்பாலும் நியூ இங்கிலாந்து என்னும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதியின் விவசாயக் குடும்பத்துப் பெண்கள், பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள். மெரிமாக் ஆற்றின் அருவியைக் கால்வாய்களில் திருப்பி, 1823-இல் இங்கே முதல் ஆலை ஓட ஆரம்பித்தது. நூல் அறுந்துபோகக் கூடாது, காற்றில் ஈரம் வேண்டும் என்று ஜன்னலையெல்லாம் அடைத்தே வைத்திருப்பார்களாம். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய தார் இருக்கும். அது தீர்ந்தால் புதுத் தாரின் நூலை நாடாவின் கண்ணில், அதாவது அதன் சின்னத் துளையில், வாய் வைத்து உறிஞ்சித்தான் வெளியே இழுக்க வேண்டும். ஒரே நாடாவில் பலர் வாய். காசநோய் பரவ வேறென்ன வேண்டும்?

பக்கத்திலேயே அவர்கள் தங்கிய கம்பெனி விடுதி. சமையலறை, சாப்பாட்டு மேஜை, படுக்கையறை எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் இருந்தபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர். இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். 1834-இல் கூலியைக் குறைத்தபோது சுமார் 800 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியதும் 1,500 பேருக்கு மேல் தெருவுக்கு வந்தார்கள். அதில் ஹாரியட் ஹான்சன் என்ற சிறுமிக்கு வயது பதினொன்று. மற்றவர்கள் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றபோது, தன் அறையிலிருந்து முதலில் கிளம்பியது அவள்தான்.

என்னை உலுக்கியது 1845-இன் கதை. சாரா பாக்லி என்ற ஆலைத் தொழிலாளியின் தலைமையில் தொழிலாளர் பெண்கள் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலை கேட்டு மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். வாக்குரிமையே இல்லாத பெண்கள், ஆண்கள் மட்டுமே இருந்த குழுவின் முன் போய் நின்று சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருத்தியான எலைசா ஹெமிங்வே சொன்னது இது: கோடையில் காலை ஐந்து மணியிலிருந்து மாலை ஏழு வரை வேலை. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி, மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி. சுமார் 150 பேர் இருக்கும் அறையில், இருட்டு நேரத்தில் 293 சின்ன விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரியும். விளக்குகளை எண்ணியே வைத்திருக்கிறாள்! அத்தனை எண்ணெய்ப் புகை, மூடிய ஜன்னல், பஞ்சுத் தூசி. ஒரே நாளில் முப்பது பேர் வரை நோயில் படுத்ததைப் பார்த்திருக்கிறாளாம்.

குறை இருப்பது உண்மைதான், ஆனால் அதற்கு மருந்து எங்கள் கையில் இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டது குழு. படித்தபோது டாக்சிக்காரர் மேல் வந்ததைவிடப் பத்து மடங்கு கோபம் வந்தது. அந்த மாநிலத்தில் பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் வந்தது 1874-இல். அதாவது 29 வருஷம் கழித்து.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்தத் தறிகளுக்கு வந்த பஞ்சு தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. இங்கே நெய்த முரட்டுத் துணி அந்த அடிமைகளுக்கே உடுத்தப் போனது. “லோவல் துணி” என்றே அதற்குப் பெயர். ஆலைப் பெண்களிலேயே சிலர் அடிமை முறை ஒழிப்புச் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

மதியம் கம்போடியச் சாப்பாடு. கம்போடியர்கள் நிறையப் பேர் குடியேறிய ஊர் இது, அதனால் தயங்காமல் போகலாம். அமோக் என்று ஒரு மீன் பதார்த்தம் வாங்கினேன். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. கரண்டியை வைத்தால் புட்டு மாதிரி உதிர்கிறது. மிளகாய் கேட்டேன், அந்த அக்கா ஒரு கிண்ணம் நிறையவே கொண்டுவந்து வைத்தார். சோறு இரண்டாம் தடவையும் வாங்கினேன். பாஸ்டனில் ஒரு சாண்ட்விச்சுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இது இலவசம் மாதிரி. இந்தப் பயணத்திலேயே நல்ல சாப்பாடு இதுதான்.

பாஸ்டன் போகிறவர்கள் தேநீர்க் கலகக் கப்பல் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு முழு நாள் லோவலுக்கு வையுங்கள். வார இறுதியில் ரயில் அடிக்கடி கிடையாது, திரும்பும் வண்டி நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகக் கடையில் அந்தத் தறிகளிலேயே நெய்த துண்டு கிடைக்கிறது. விலையைப் பார்த்து இரண்டு தடவை திருப்பி வைத்துவிட்டு, மூன்றாம் தடவை வாங்கிவிட்டேன். பாவும் ஊடையும் நல்ல நெருக்கம்.

டாக்சி வேண்டவே வேண்டாம். மாலையில் மழை விட்டதும் கால்வாய் ஓரமாக நடந்தே ஸ்டேஷனுக்கு வந்தேன். இருபத்தைந்து நிமிஷம்தான் ஆனது.