கணக்கில் எழுதாத மீன்

என் அண்ணன் எனக்கு எழுபதாயிரம் ரூபாய் தர வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று ஆரம்பிக்க ஆசைதான், பொய்யாகிவிடும். அப்பா இறந்த பிறகு நாட்டுப்படகையும் இன்ஜினையும் அவரே வைத்துக்கொண்டார், உன் பங்கைப் பணமாகத் தருகிறேன் என்றார், தரவில்லை. ஆறு வருஷம். ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் மூன்று தெரு தள்ளித்தான் அவர் வீடு. சர்ச் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால், அண்ணன் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காகவே முன்னால் நிற்கும் பாட்டிக்கு ரெண்டு தடவை கும்பிடு போடுவேன்.

பைபிளில் மத்தேயு 18ல் வரும் கடன்காரன் உவமையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அரசனிடம் பட்ட பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஒருவன், தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவனை மன்னிக்காமல் சிறையில் தள்ளுகிற கதை. பிரசங்கங்களில் அந்த நூறு தெனாரியம் ஏதோ சில்லறை மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி; கடலுக்குப் போகிற வீட்டில் நூறு நாள் கூலி சில்லறையா? நஷ்டம் நஷ்டம்தான் என்று ஆண்டவரே ஒப்புக்கொண்ட மாதிரி எனக்கு அதில் ஓர் ஆறுதல். (பத்தாயிரம் தாலந்து என்பது ஏறக்குறைய ஆறு கோடி நாள் கூலி. அந்தப் பக்கத்தை நான் கணக்குப் போட்டதே இல்லை.)

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு புரளாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அந்த நாட்களில் அண்ணன் மகள் கட்டைப்பையோடு வந்து நிற்பாள், "அத்தை, அப்பா குடுத்துவிட்டாங்க". பணத்தைக் கொடுக்காமல் மீனைக் கொடுத்துச் சமாளிக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் குழம்பு வைப்பேன்.

போன மே மாதம் கெளுத்தி வந்தது. அரிவாள்மனையில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தால் முதுகு முள் இல்லை, செவுளுக்குப் பின்னால் இருக்கும் ரெண்டு முள்ளும் இல்லை. அடுத்ததும் அப்படியே. பதினோரு மீனிலும் மூன்று முள்ளையும் ஒடித்து அனுப்பியிருந்தார். எனக்கு ஏழு வயதில் கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறி, கை வீங்கி நான் அலறியதும், அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் ஒடித்துத்தான் அனுப்பியிருக்கிறாரா? நான் பார்த்ததே இல்லை. தினமும் ராத்திரி ஜெபத்தில் சோறு, துணி, பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன், இந்த மீன் மட்டும் அதில் வந்ததே கிடையாது. கடவுளுக்கு நன்றி சொல்வது சுலபம், அவர் மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கவில்லை.

ஓரியூர் அருளானந்தர்கூட நினைவுக்கு வந்தார், போர்ச்சுகலிலிருந்து வேதம் போதிக்க வந்த பாதிரியார். 1686ல் சேதுபதி மன்னர்கள் ஆண்ட இந்தச் சீமையில் அடியும் உதையும் வாங்கி, போர்ச்சுகல் போய், 1690ல் திரும்பி வந்தவர். 1693 பிப்ரவரி 4 அன்று இங்கேயே தலை வெட்டப்பட்டார். அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் அவ்வளவு கடல் தாண்டி அடித்த ஊருக்கே வந்தார், எனக்குத் தெருவைத் தாண்ட ஆறு வருஷம்.

சாயங்காலம் கட்டைப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "கெளுத்தி நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். "முள்ளு இருந்துச்சா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார். இல்லை என்றேன். மதினி டீ போட எழுந்தார். எழுபதாயிரத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.